திரையில் பேசுவது யார்?
விரலியிலிருந்து தொடங்க மறுக்கும் கணினியைப் பற்றி

விரலியில் ஓர் இயங்குதளத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய கணினியில் அதைச் செருகி, அக்கணினியின் நிலைவட்டைத் தொடாமலேயே பணி செய்ய இயலும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட க்னாப்பிக்ஸ் இவ்வசதியைக் குறுந்தட்டின் வழியே பலருக்கும் அறிமுகப்படுத்தியது. ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், பழைய எளிய கணினிகளிலும் இது நடக்கும் என்று காட்டியது. இன்று உபுண்டு, டெபியன் முதலிய பெரிய லினக்ஸ் வழங்கல்கள் பலவும், நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கத்தக்க வடிவில் கிடைக்கின்றன.

இதன் பெரும்பயன் பயணத்தில் இல்லை, இடர்க்காலத்தில் இருக்கிறது. ஒருவருடைய கணினியில் இயங்குதளம் பழுதுபட்டுவிட்டால், அதிலிருக்கும் கோப்புகளும் போய்விட்டன என்றே பலர் எண்ணுகின்றனர். வீட்டின் முன்கதவு திறக்கவில்லை என்பதால் உள்ளிருக்கும் பெட்டி காணாமற்போய்விடாது. விரலியிலுள்ள இயங்குதளம் பின்கதவு போன்றது. அதன் வழியே உள்ளே சென்று வேண்டியதை எடுத்து வரலாம். ஆனால் அந்தப் பின்கதவும் திறக்க மறுத்தால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடங்கும் முன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. மொழியியல் படித்தவனால் இதைத் தவிர்க்க முடியவில்லை. ‘இயங்குதளம்’ என்றும் ‘இயக்குதளம்’ என்றும் இரு வழக்குகள் உள்ளன. இயங்கு என்பது தன்வினை. இயக்கு என்பது பிறவினை. மற்ற மென்பொருள்கள் இயங்குவதற்கு இடமாக இருப்பது என்று கொண்டால் முன்னது பொருந்தும். வன்பொருளை இயக்குவது என்று கொண்டால் பின்னது பொருந்தும். இரண்டும் பிழையல்ல. வழக்கு மிகுதி கருதி நான் முன்னதைக் கொள்கிறேன். கணினி உயிர்பெற்று இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளும் செயலை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பர். தன் காலணியின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்ற நகைச்சுவையான கற்பனையிலிருந்து வந்த சொல் அது. தமிழ் நாவில் அது ‘பூட்டு’ ஆகிவிடுகிறது. திறக்கும் செயலுக்குப் பூட்டு என்று பெயரா எனச் சிரிப்பவர் உண்டு. ஆனால் ஏர் பூட்டுதல் உழவின் தொடக்கம் அல்லவா? அவ்வகையில் பார்த்தால் கடன்சொல் நம் வீட்டில் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது என்றே சொல்லலாம். இக்கட்டுரையில் ‘தொடக்கம்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இனிப் பொருளுக்கு வருவோம். விரலி தொடங்கவில்லை என்று சொல்பவரிடம் “திரையில் என்ன தெரிந்தது?” என்று கேட்டால், பெரும்பாலும் “ஏதோ ஆங்கிலத்தில் வந்தது” என்பதே விடையாகும். அந்த ‘ஏதோ’வில்தான் முழு விடையும் இருக்கிறது. அகப்பாடலைப் படிப்போர் முதலில் கேட்பது, இது யார் கூற்று என்பதே. தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்று அறியாமல் பாடலின் பொருள் பிடிபடாது; அதே சொற்கள் வேறு வாயில் வேறு பொருள் தரும். தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. இன்ன இடத்தில் இன்ன சொல் இன்னார் இன்னாருக்குச் சொல்லத்தக்கது என்று உய்த்துணரும் நெறிக்கு ‘முன்னம்’ என்று பெயரும் தருகிறது. கணினித் திரையில் தோன்றும் பிழைச்செய்தியைப் படிக்க இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

ஏனெனில் கணினியின் தொடக்கம் ஒருவர் செய்யும் வேலையன்று. மூவர் ஒருவர்பின் ஒருவராகக் கைமாற்றிக் கொடுக்கும் வேலை. முதலாமவர் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிலைபொருள். மின்சாரம் வந்தவுடன் விழிப்பது அதுதான். அது விரலியில் இருக்கும் தொடக்க ஏற்றியைத் தேடிப்பிடித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. தொடக்க ஏற்றி, இயங்குதளத்தின் கருவாகிய கர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறது. கர்னல் வன்பொருளைத் தன்வயப்படுத்தி, விரலியில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் எஞ்சிய இயங்குதளத்தை விரித்துக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது மட்டுமே பேசுவர். ஆகவே கடைசியாகப் பேசியவர் யார் என்று தெரிந்தால், வேலை எதுவரை நடந்தது, எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்பது ஒரு செய்தி. ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்பது மற்றொன்று. அகராதிப்படி இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: இயங்குதளம் இல்லை. ஆனால் முன்னதைச் சொல்வது நிலைபொருள். தான் பார்த்த இடங்களில் தொடங்கத்தக்க எதுவும் அகப்படவில்லை என்று அது கைவிரிக்கிறது. பின்னதைச் சொல்வதோ, வட்டின் அல்லது விரலியின் முதற்கூறில் எழுதப்பட்டிருக்கும் சிறு நிரல். அது வாய் திறந்துவிட்டது என்றால், நிலைபொருள் அந்தக் கூறைக் கண்டுபிடித்துப் படித்துப் பொறுப்பையும் கொடுத்துவிட்டது என்று பொருள். முதற்செய்தி வந்தால் கணினியின் அமைப்பையும் விரலி செருகிய துளையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் செய்தி விரலியிலிருந்து வந்தது என்றால் அந்த விரலியை மீண்டும் எழுத வேண்டும்.

அந்த முதற்கூறு வியப்புக்குரியது. அதன் அளவு 512 பைட் மட்டுமே. அதில் 446 பைட் நிரலுக்கு. 64 பைட், வட்டு எவ்வாறு பகுக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு. கடைசி இரண்டு பைட், ‘இது தொடங்கத்தக்கது’ என்று அறிவிக்கும் முத்திரைக்கு. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் தனிக்கணினிக்காக வகுக்கப்பட்ட இவ்வமைப்பு, பயாஸ் எனப்படும் பழைய வகை நிலைபொருள் உள்ள கணினிகளில் இன்றும் செயற்படுகிறது. இங்கே மிகப் பலர் இடறும் ஓரிடம் உண்டு. இயங்குதளம் இணையத்தில் ஐஎஸ்ஓ படிமம் என்ற ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கிறது. அதைப் பதிவிறக்கி, மற்றக் கோப்புகளைப் போல விரலிக்குள் இழுத்துப் போட்டால் விரலி தொடங்காது. புத்தகத்தைப் பெட்டிக்குள் வைப்பது வேறு. பெட்டியையே புத்தகமாக்குவது வேறு. படிமத்தின் உள்ளடக்கம், அந்த 512 பைட்டோடும் பகுப்பு அட்டவணையோடும் விரலியில் எழுதப்பட வேண்டும். ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற கருவிகள் அதைத்தான் செய்கின்றன. எழுதும்போது விரலியில் முன்பிருந்தவை யாவும் அழியும். 2020இல் வெளிவந்த வென்டாய் ஒரு விதிவிலக்கு. அதை ஒருமுறை விரலியில் நிறுவிவிட்டால், பிறகு படிமங்களை வெறுங்கோப்புகளாக இட்டாலே போதும்.

லினக்ஸில் வெறுமனே வடிவமைத்த விரலியைப் பழைய கணினியில் செருகித் தொடங்கினால், இது தொடங்கத்தக்க வட்டன்று, தொடங்கத்தக்க ஒரு ஃபிளாப்பியை இட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்துக என்று ஒரு செய்தி வரும். ஃபிளாப்பியைக் கண்ணால் கண்டிராத தலைமுறையிடம் ஒரு விரலி ஃபிளாப்பி கேட்கிறது! மொழியில் வழக்கிறந்த சொற்கள் பழமொழிகளுக்குள் ஒளிந்து வாழ்வதைப் போலத்தான் இதுவும். ஆயினும் இச்செய்தி பயனுள்ளது. விரலி நலமாகவே இருக்கிறது, கணினியும் அதைப் படிக்கிறது, எழுதிய முறைதான் தவறு என்பதை அது ஐயமின்றிச் சொல்கிறது.

எழுதுவதற்கு முன் பதிவிறக்கம் முழுமையானதா என்று பார்ப்பது நல்லது. படிமத்தை வழங்குவோர் அதனுடன் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தொடரையும் தருவர். நம் கணினியில் அக்கோப்புக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் அதே தொடர் வர வேண்டும். படிமத்தில் ஒரு பைட் மாறினாலும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். பாதியில் அறுந்த பதிவிறக்கம் சில சமயம் தொடங்கவும் செய்து, நடுவில் விளங்காத இடத்தில் நின்று ஆளை அலைக்கழிக்கும்.

ஏதும் பேசாமலேயே வழக்கமான விண்டோஸ் திறந்துவிடுவதும் உண்டு. இங்கே நிலைபொருள் விரலியைப் பொருட்படுத்தவேயில்லை. முதலில் எங்கே தேட வேண்டும் என்ற வரிசையில் நிலைவட்டு முன்னால் இருக்கிறது. கணினியை இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலை வரவழைக்கும் விசையை அழுத்தினால் விரலியைத் தேர்ந்தெடுக்கலாம். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பி கணினிகளில் எஃப்9. ஏசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். இன்டெல் செயலி கொண்ட மேக்கில் ஆப்ஷன். ஏசரில் சிலவற்றில் அந்த எஃப்12 வேலை செய்ய, அமைப்புக்குள் சென்று முதலில் அதற்கு அனுமதி தர வேண்டியிருக்கும். மேலும், விண்டோஸ் 8 முதல், கணினியை ‘ஷட் டவுன்’ செய்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. விரைவாக மீண்டெழும் பொருட்டு ஒரு பகுதியை வட்டில் சேமித்துக்கொண்டு கண்ணயர்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுத் தொடக்கம் நிகழும். ஆகவே அணைத்துப் போடுவதைவிட மீளத்தொடக்கமே இங்கு முறை. தேடல் வரிசையை நாம் மாற்றி வைத்தும் மறுநாள் பழையபடி ஆகிவிட்டால், கணினி காட்டும் நாளையும் நேரத்தையும் பாருங்கள். அதுவும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. பெரும்பாலானவற்றில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் மின்கலமே. சிம் லிம் சதுக்கம் வரை போக வேண்டியதில்லை. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

புதிய கணினிகளில் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ என்ற நிலைபொருள் பிடித்துக்கொண்டது. இது முதற்கூறின் 446 பைட் நிரலை நாடுவதில்லை. ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்ட ஒரு பகிர்வுக்குள், ‘இஎஃப்ஐ’ என்ற கோப்புறைக்குள், ‘பூட்’ என்ற கோப்புறைக்குள், ‘பூட்எக்ஸ்64’ என்ற பெயருடைய கோப்பைத் தேடுகிறது. அந்த முகவரியில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தொடங்கும். இல்லையேல் அப்படி ஒரு விரலி செருகப்பட்டதாகவே காட்டிக்கொள்ளாது. பழைய முறையில் மட்டும் எழுதிய விரலி புதிய கணினியில் கண்ணுக்குப் படாமல் போவதும், புதிய முறையில் மட்டும் எழுதியது பழைய கணினியில் ஊமையாவதும் இதனால்தான். ரூஃபஸ் எழுதத் தொடங்கும் முன் எந்த வகைக் கணினிக்கு என்று கேட்கும் கேள்வியை எண்ணிப் பார்த்து விடையளிக்க வேண்டும்.

யூஇஎஃப்ஐயோடு சேர்ந்து வந்தது ‘செக்யூர் பூட்’. நம்பத்தக்கவர் கையொப்பமிட்ட தொடக்க ஏற்றியை மட்டுமே இயங்க விடுவது இதன் வேலை. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்த காலத்திலிருந்து இது பரவலாயிற்று. பெரிய லினக்ஸ் வழங்கல்கள் ‘ஷிம்’ என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் பெற்று, அதன் வழியே தம் ஏற்றியை இயக்குகின்றன. பப்பி போன்ற சிறியவற்றில் இவ்வேற்பாடு எப்போதும் இருப்பதில்லை. இங்கும் இரு குரல்களைப் பிரித்தறிய வேண்டும். ‘செக்யூர் பூட் வயலேஷன்’ என்று நிலைபொருளே சொன்னால், கையொப்பம் இல்லை அல்லது ஏற்கப்படவில்லை. ‘வெரிஃபையிங் ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்ட்’ என்று வந்தால் பேசுவது ஷிம். கையொப்பம் செல்லும்; ஆனால் அந்தப் பதிப்பு பாதுகாப்பற்றது என்று விலக்கப்பட்டுவிட்டது. 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்றுக்குப் பிறகு, அதுவரை குறையின்றித் தொடங்கிய பழைய லினக்ஸ் விரலிகள் பல கணினிகளில் இச்செய்தியோடு நின்றன. விரலியில் எம்மாற்றமும் இல்லை. கணினியின் நினைவில் இருக்கும் விலக்குப் பட்டியல்தான் நீண்டது. புதிய பதிப்பின் படிமத்தை எழுதுவதே அதற்கு நேரான மருந்து.

செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவர். அதைச் செய்யும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் நிலைவட்டு பிட்லாக்கர் என்ற மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கிறது. உரிமையாளரே அறியாமல் வாங்கும்போதே பூட்டியிருப்பதும் உண்டு. செக்யூர் பூட்டின் நிலையை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அச்சாவி கையில் இல்லையெனில் சொந்த வீட்டுக்கே வெளியாளாகிவிடுவோம். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அமைப்பில் கை வைக்க வேண்டும். விரலியிலிருந்து தொடங்கிய பிறகும் அந்த வட்டைப் படிக்க இச்சாவி தேவைப்படும். இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றை விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நிலைபொருளின் முறை முடிந்தபின் பேசுவது தொடக்க ஏற்றி. லினக்ஸ் உலகில் அது பெரும்பாலும் ‘கிரப்’. கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்களுடன் ஒரு குறி கண்சிமிட்டிக்கொண்டிருந்தால், ஏற்றி விழித்துவிட்டது, ஆனால் தன் உடைமைகள் இருக்கும் பகிர்வைக் காணவில்லை என்று பொருள். நாம் செருகிய விரலியைக் குறித்து இது வந்தால் அங்கே கட்டளைகளைத் தட்டச்சிட்டுப் போராட வேண்டாம். விரலியைப் புதிதாக எழுதுவது பத்து நிமிட வேலை. போராட்டம் ஒரு மாலைப்பொழுதை விழுங்கும். ஆனால் அது உண்மையில் விரலியின் கிரப்தானா, நிலைவட்டில் முன்னர் யாரோ நிறுவியிருந்த லினக்ஸின் கிரப்பா என்பதை முதலில் தெளிய வேண்டும். விரலியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அதே குரல் மீண்டும் கேட்டால் பேசியது விரலியன்று.

மூன்றாமவர் குரல் வந்துவிட்டால் பாதிக் கடல் தாண்டியாயிற்று. பட்டியல் தோன்றி, இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தபின் திரை வெறுங்கறுப்பாக நின்றால், கர்னல் வரைகலைச் சில்லோடு பேச்சுவார்த்தையில் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றிச் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் பெரும்பாலும் திரை தெளியும்.

எனக்கு மிகவும் பிடித்த பிழைச்செய்தி இக்கட்டத்தில்தான் வருகிறது. ‘யுனேபிள் டு ஃபைண்ட் எ மீடியம் கன்டெய்னிங் எ லைவ் ஃபைல் சிஸ்டம்’. இயங்குதளம் அடங்கிய ஊடகத்தைக் காணவில்லை என்கிறது கர்னலோடு வந்த துணைநிரல். அது வந்ததே அந்த விரலியிலிருந்துதான்! தான் ஏறி வந்த படகையே காணவில்லை என்று கரையில் நின்று தேடுகிறது. இதில் முரண் ஏதுமில்லை. அதுவரை விரலியைப் படித்தது நிலைபொருளின் இயக்கி. கர்னல் பொறுப்பேற்றவுடன் பழைய தொடர்புகள் அறுபடுகின்றன. தன் சொந்த இயக்கியைக் கொண்டு விரலியை அது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். துளையோ இடைக்கருவியோ ஒத்துழைக்காவிட்டால் அங்கே நூல் அறுகிறது. விரலியை உள்ளே நீலநிறமுள்ள விரைவுத் துளையிலிருந்து எடுத்துக் கறுப்புத் துளையில் செருகுதல், பலதுளைப் பெருக்கியைத் தவிர்த்து நேரே கணினியில் செருகுதல் ஆகிய இரண்டுமே பல சமயம் போதும். அப்போதும் வராவிட்டால் விரலியே தேய்ந்ததாக இருக்கலாம். விரலிகள் மலிவானவை, அவற்றின் நினைவுச் சில்லுகளும் அப்படியே.

எந்தக் கட்டத்திலும் ஐயம் தீராவிட்டால் ஒலியனியலில் நாம் செய்வதையே செய்ய வேண்டும். வால், வாள் என்னும் இணையில் ஓரொலி மட்டும் வேறுபடுவதால்தான் லகரமும் ளகரமும் வெவ்வேறு ஒலியன்கள் என்று நிறுவ முடிகிறது. இரண்டு ஒலிகள் ஒருங்கே மாறினால் எதையும் நிறுவ இயலாது. அதே விரலியை வேறொரு கணினியில் செருகிப் பார்த்தல். வேறொரு விரலியை அதே கணினியில் செருகிப் பார்த்தல். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். பதற்றத்தில் விரலி, படிமம், துளை, அமைப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுபவர்க்குக் கணினி திறந்தாலும் ஏன் திறந்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவர்.

இம்முறை எவ்வாறு உதவியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. மலேசியத் தோட்டப்புறத் தமிழின் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் மறைந்தபின், அவருடைய மகள் ஒரு சிறிய நெட்புக் கணினியை என்னிடம் கொண்டுவந்தார். ரப்பரைக் குறிக்கும் கித்தா, பால் பிடிக்கும் மங்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, கணக்கெழுதும் கிராணி என்று, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் வழங்குவோர் அருகிவிட்ட சொற்களை அவர் முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பதிந்திருந்தார். அச்சில் வந்தது சிறு பகுதி. எஞ்சியது அந்தக் கணினியில். அதிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி பாதி வழியில் நின்றுவிட்டது. பழுது பார்க்கும் கடை ஒன்றில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளையாக, “ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று அவர் திரும்பிவிட்டார்.

அவர் தம் பிள்ளையின் உதவியோடு உபுண்டு விரலி ஒன்றையும் செய்து பார்த்திருந்தார். அது தொடங்கவில்லை. முதலில் விரலி கண்டுகொள்ளப்படவேயில்லை. கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. மின்கலம் தீர்ந்து, தேடல் வரிசை ஒவ்வொரு முறையும் மறந்துபோயிருந்தது. தொடக்கப் பட்டியலை வரவழைத்து விரலியைத் தேர்ந்தெடுத்ததும் கிரப்பின் பட்டியல் வந்தது. ஆகவே விரலி சரி, எழுதிய முறையும் சரி. அடுத்த நொடியில் ஒரு வரி: இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 செயலி வேண்டும், இங்கே ஐ686 செயலிதான் இருக்கிறது. பேசியது கர்னல். இதைவிடத் தெளிவாக ஒரு பொறி பேச முடியாது. 2008ஆம் ஆண்டையொட்டி வந்த நெட்புக்குகளில் பரவலாக இருந்த இன்டெல் ஆட்டம் என்270 செயலி 32 பிட் மட்டுமே அறிந்தது. உபுண்டுவோ 2017இலேயே 32 பிட் மேசைக்கணினிப் படிமத்தைக் கைவிட்டுவிட்டது. புதிய விரலி, புதிய துளை என்று எத்தனை மாற்றினாலும் பயன் இராது. மாற்ற வேண்டியது படிமம் ஒன்றே. பப்பி லினக்ஸின் 32 பிட் பதிப்பை அதே விரலியில் எழுதிச் செருகினோம். சில நிமிடங்களில் அது முழுவதும் நினைவகத்தில் ஏறி நின்றது. பப்பியில் ஒரு நற்பண்பு உண்டு. நாம் சொடுக்கித் திறக்கும்வரை நிலைவட்டை அது தொடுவதில்லை. வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து, கோப்புறைகள் அனைத்தையும் இரண்டாவது விரலிக்குப் படியெடுத்தோம்.

கோப்புகளைத் திறந்தபோது தமிழ் இல்லை. மேலே கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிவரியாக நின்றன. மகள் முகம் வாடிவிட்டது. ஆனால் அது சிதைவன்று, டிஸ்கி. 1990களின் இறுதியில், யூனிகோடு நம் கணினிகளில் வேரூன்றும் முன், பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்தாய்ந்து வகுத்த எட்டு பிட் குறியேற்றம் அது. 128 முதல் 255 வரையிலான இடங்களில் தமிழ் வடிவங்களை அது அமர்த்துகிறது. அதை அறியாத மென்பொருள் அவ்விடங்களுக்குரிய ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டிவிடுகிறது. டிஸ்கி, எழுத்தைக் கண் காணும் வரிசையில் சேமிக்கிறது. ‘கொ’ என்பதற்கு ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலும் வரும். யூனிகோடு, மெய் முன்னும் உயிர் பின்னுமாகச் செவி கேட்கும் வரிசையில் சேமிக்கிறது. நம் இலக்கணிகள் உயிர்மெய்யை விளக்கிய வரிசையும் அதுவே. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் அடிப்படை நூலகத்திலேயே டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் வசதி அடங்கியுள்ளது. ‘ஐகான்வி’ என்ற கட்டளை ஒன்று போதும்.

மாற்றியபின் சொற்களும் விளக்கங்களும் அப்படியே வந்தன. ஒலிப்பைக் காட்டிய இடங்களில் மட்டும் பொருளற்ற குறிகள் எஞ்சின. நண்பர் ஒலிக்குறியீடுகளுக்கெனத் தாமே ஓர் எழுத்துருவைச் செய்து பயன்படுத்தியிருந்தார். எந்த அட்டவணையிலும் இல்லாத அதை எந்தக் கருவியாலும் மாற்ற இயலாது. மீண்டும் விரலியிலிருந்து அக்கணினியைத் தொடங்கித் தேடினோம். எக்ஸ்பியின் எழுத்துருக் கோப்புறையில், மற்றவற்றுக்கு நடுவே, அவருடைய தலைப்பெழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பு இருந்தது. அழித்து நிறுவியிருந்தால் முதலில் போயிருக்கக்கூடியது அக்கோப்புறைதான். அந்த எழுத்துருவின் ஒவ்வோர் இடத்தையும் அனைத்துலக ஒலியன் நெடுங்கணக்கோடு ஒப்பிட்டு அட்டவணை ஒன்று செய்து வருகிறோம். உயிரொலிகள் முடிந்துவிட்டன. ரகர றகரங்களில் அவர் செய்திருக்கும் நுண்ணிய வேறுபாடுகள் சில இன்னும் பிடிபடவில்லை.